நான்காம் தரத்துக்குக் கால் கிடையாது

எங்கள் நிறுவனத்தின் மாடிப்படிக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனவன் திருடன் அல்ல. திருடனாக இருந்திருந்தால் பிடித்து நாலு சாத்து சாத்தியிருக்கலாம். இவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசலில் கும்பிடு வாங்கிக்கொண்டு, எங்கள் கண் முன்னாலேயே கழற்றினார்கள்.

நாங்கள் பொதுமக்களுக்கான சாமான்களை வடிவமைக்கும் நிறுவனம். பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் உட்காரும் பெஞ்சு, ஆஸ்பத்திரிக் கட்டில், பள்ளிக்கூட மேசை எல்லாம் ஒரு காலத்தில் எங்களிடமிருந்து போனவைதான். நான் அங்கே படம் வரைகிறவன். நான்காம் தரம். அதற்கும் கீழே ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். என் அக்கா அவர்களில் ஒருத்தி. முதல் மாடியில் தொலைபேசிப் பிரிவு அவளுடையது. குழந்தைப் பருவத்தில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுடைய இடது கால் பலம் இழந்துவிட்டது. வலது கால், கைப்பிடி, வாய் ஆகிய மூன்றையும் நம்பித்தான் அவள் மாடி ஏறி வந்தாள். மூன்றில் வாய்க்குத்தான் பலம் அதிகம்.

எங்களுக்குக் கெட்ட நேரம் ஒரு வெளிநாட்டு மாநாட்டின் உருவத்தில் வந்தது. அதற்குப் போய்வந்த எங்கள் இயக்குநர், விமானத்தை விட்டு இறங்கிய சூட்டோடு ஊழியர் அனைவரையும் கூட்டினார்.

"இனிமே நாம பொருள் செய்ய மாட்டோம். பொருள்ங்கறது பழைய ஊடகம். மரம், இரும்பு, திருகாணி இதெல்லாம் நேத்து. புது ஊடகம் வந்தாச்சு. அங்க என்னை ஒரு நாற்காலியில உட்கார வெச்சாங்க. பார்த்தா, அங்க நாற்காலியே இல்லை! வெறும் ஒளி! அதுதான் வருங்கால வடிவமைப்பு."

எல்லோரும் கை தட்டினோம். பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்ப எதுல சார் உட்கார்ந்தீங்க?"

"அதுக்கு அடியில ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க" என்றார் இயக்குநர். அவருக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை. கை தட்டியவர்களுக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வாரமே எங்கள் கட்டடத்தை அப்படியே கணினிக்குள் பிரதி எடுக்கும் வேலை ஆரம்பமானது. சுவர், ஜன்னல், மேசை, குப்பைக்கூடை ஒன்றையும் விடாமல் அளந்து, உள்ளே ஒரு கட்டடம் எழுப்புவார்களாம். அதற்கு 'இரட்டை' என்று பெயர். அளக்க வந்தவர்கள் முக்காலியில் ஒரு சுழலும் கருவியை வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினார்கள். மாடிப்படியில் வந்ததும் கைப்பிடி குறுக்கே மறைக்கிறது என்றார்கள். கழற்றினார்கள். அளந்தார்கள். போய்விட்டார்கள்.

கைப்பிடியைத் திரும்ப மாட்டச் சொல்லிப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இரட்டையில கைப்பிடி இருக்கா, பாருங்க."

"கழற்றிட்டு அளந்தா எப்படி சார் இருக்கும்?"

"இல்லைதானே? இரட்டையில இல்லாதது கட்டடத்துல இருக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னுதானே இத்தனை பாடு படுறோம்? நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?"

கழற்றிய கைப்பிடி கொல்லைப்புறத்தில் மழையில் கிடந்தது. பிறகு அதையும் ஒருநாள் காணோம். ஒரு பக்கம் ஓடு பதித்த வழுக்கும் சுவர், மறுபக்கம் வெறும் பள்ளம், நடுவில் படி. லிஃப்ட் இருந்ததே என்று கேட்பீர்கள். இரட்டையை ஓட்டும் இயந்திரங்களுக்கு மின்சாரம் பற்றாமல் லிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். தச்சுப்பட்டறையையும் மூடி, அதில் அந்த இயந்திரங்களை வைத்துக் குளிர்சாதனம் போட்டுக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் அறையில் மின்விசிறி ஓடவில்லை.

அதன் பிறகு நாங்கள் வேலை பார்த்த அழகை எப்படிச் சொல்ல? காலையில் பேருந்தில் நசுங்கி வந்து, படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொள்வோம். மாட்டியதும் அதே கட்டடத்தின் வாசலில் நிற்போம். மறுபடி படியேறி, அதே அறைக்குப் போய், அதே நாற்காலியில் உட்கார வேண்டும். வீட்டிலிருந்தே மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். அது முதல் தரத்துக்கு மட்டும் என்றார்கள். முதல் தரத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான், இயக்குநர். அவர் அன்றிலிருந்து அலுவலகத்துப் பக்கம் வரவில்லை. இரட்டைக்குள் மட்டும் தலை நிறைய முடியோடு வந்து போனார்.

உள்ளே எங்களுக்கு ஆளுக்கொரு அவதாரம் கொடுத்தார்கள். முதல் நாள் நான் குனிந்து பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. பயந்து பெட்டியைக் கழற்றி என் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்.

"எல்லாருக்கும் கால் குடுத்தா இயந்திரம் தாங்காதுங்க. முதல் தரத்துக்கு முழுக்கால், ஷூவோட. ரெண்டாம் தரத்துக்கு வெறுங்கால். மூணாம் தரத்துக்கு முழங்கால் வரைக்கும். உங்களுக்கு இடுப்பு வரைக்கும்."

"ஒப்பந்த ஊழியருக்கு?"

"தலை."

அவர் இரண்டாம் தரம். காலை ஆட்டிக்கொண்டே பேசினார்.

தலையாகப் போன அக்காவுக்கு வேலை மாறவில்லை. தொலைபேசியில் பொதுமக்கள் கூப்பிட்டு, பெஞ்சு எங்கே என்று கேட்பார்கள். "வந்தாச்சு, இரட்டையில போட்டாச்சு" என்று சொல்லச் சொல்லி அவளுக்கு உத்தரவு. அவள் சொன்னாள். கூடவே, "போய் உட்கார்ந்துடாதீங்க, விழுந்து வெப்பீங்க" என்றும் சொன்னாள். அதற்காக இரண்டு முறை கண்டிக்கப்பட்டாள்.

மாலையில் அவளுக்காக வாசலில் காத்துக் கிடப்பேன். முன்பெல்லாம் என்னோடு இறங்கி வந்தவள், கைப்பிடி போன பிறகு எல்லோரும் போய் முடிந்த பிறகுதான் வந்தாள். இரண்டு பேருந்து போய்விடும். பின்பக்கமெல்லாம் புழுதியாக இருக்கும்.

"எங்கக்கா போய் உட்கார்ந்துட்டு வர்ற?"

"நாற்காலி துடைக்க ஆள் இல்லடா. வாயை மூடிட்டு வா."

அவள் அப்படிச் சொன்னால் மேலே கேட்க என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்தே முடியாது. ஆனால் ஒருநாள் பேருந்தில் அவளே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கம்பியைப் போடச் சொல்லுடா. வேற எதுவும் நான் உன்கிட்ட கேட்டதில்லை" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

கைப்பிடி வேண்டும் என்று முறைப்படி விண்ணப்பித்தேன். விசாரணை இரட்டைக்குள்ளேயே நடந்தது. மாடிப்படி அடியில் இயக்குநரும் பாதுகாப்பு அதிகாரியும் மிதந்த மாதிரி நின்றார்கள்.

"எங்க சிரமமா இருக்குன்னு ஏறிக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

உள்ளே நகர்வதற்கென்று கையில் கொடுத்திருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினேன். என் இடுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது.

"சார், கால் இல்லாததால இப்படிப் போகுது. நிஜத்துல..."

"அருமை!" என்றார் இயக்குநர். "எவ்வளவு லாகவம்! இதுக்கு எதுக்குய்யா கைப்பிடி? நானே இந்தப் படியில ஒருநாளும் தடுக்கினதில்லை."

"நீங்க படியில ஏறுறதில்லையே சார். நினைச்ச இடத்துல தோன்றுறீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் என்னை மாதிரி வேலை பார்த்தா விபத்துங்கற பேச்சே இருக்காது."

அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அவளுடைய தலை வந்தது. படியேறச் சொன்னார்கள். தலை ஏறியது. இறங்கச் சொன்னார்கள். இறங்கியது. அதிகாரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நொண்டுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே?"

"நொண்டுறதுக்குக் கால் எங்கய்யா குடுத்தீங்க?" என்றது அக்காவின் தலை. "கால் குடுத்துப் பாரு. எப்படி நொண்டுறேன்னு காட்டுறேன்."

அவளுடைய ஒலியை நிறுத்தினார்கள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அச்சில் போட முடியாது.

முடிவு மறுநாள் வந்தது. கைப்பிடிக்குத் தேவை எழவில்லை. மேலும், ஒப்பந்த ஊழியரின் கால் பூரண குணம் அடைந்திருப்பது விசாரணையில் தெரியவந்துள்ளது. புதிய ஊடகத்தின் மருத்துவப் பயன் குறித்து இயக்குநர் அடுத்த மாநாட்டில் கட்டுரை வாசிப்பார். குணமடைந்தவருக்கு முதல் மாடி என்ற சலுகை இனி அவசியம் இல்லை என்பதால், தொலைபேசிப் பிரிவு மூன்றாம் மாடிக்கு மாற்றப்படுகிறது.

கைப்பிடி கேட்கப் போய் இரண்டு மாடியைக் கூட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. "உன் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வை" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் மாடிக்குப் போன கொஞ்ச நாளிலேயே விழுந்தாள். கழிப்பறை கீழே இருந்தது. பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இறங்கியவள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிடி இல்லாமல் உருண்டாள். நான் ஓடியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு எப்படியோ திரும்பியிருந்தது. "அழாதடா, மூதேவி. எனக்குத்தான் வலிக்குது" என்றாள்.

மாவுக்கட்டு போட்டுக் கூட்டிவந்து, சிகிச்சைக்கு விடுப்பும் செலவும் கேட்டேன். பாதுகாப்பு அதிகாரி இரட்டையின் பதிவை ஓட்டிப் பார்த்தார்.

"விழுந்ததா சொல்ற நேரத்துல அவங்க தலை சீட்லதானே இருந்திருக்கு?"

"பெட்டி மேசையில இருந்துச்சு சார். ஆள் படியில இருந்தாங்க."

"தலை அசையலை. ஆள் விழுந்தாங்கங்கறீங்க. ரெண்டுல எதை நம்புறது?"

"மாவுக்கட்டைப் பாருங்க சார்!"

"அது வெளிய இருக்கு. வெளிய நடக்கறதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? வெளியுலக வதந்தின்னு ஒரு பிரிவு திறந்திருக்கோம், அதுல சேர்த்துடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடுப்பும் தேவைப்படாது. தலைக்கு எதுக்குங்க மணிக்கட்டு?" என்றார்.

அந்த மனிதரை நான் கடைசிவரை மன்னிக்கப்போவதில்லை. கெட்டவர் என்றால்கூடப் பரவாயில்லை, ஒரு விதமாகச் சண்டை போடலாம். அவர் சந்தோஷமாக இருந்தார். காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா ஒற்றைக் கையோடு வேலைக்கு வந்தாள். வராவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். வீட்டு வாடகையில் பாதி அவளுடையது. மாலையில் முன்பைவிடத் தாமதமாக வந்தாள். புழுதியும் முன்பைவிட அதிகமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரட்டையில் இல்லாதது கட்டடத்தில் இருக்கக் கூடாது என்றால், இரட்டையில் இருப்பது கட்டடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்? இரட்டைக்குள் ஒரு கைப்பிடி வரைந்துவிட்டால்? வரைவது என் வேலை. கைப்பிடி என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பதால், அலங்காரம் என்று சொல்லித் தங்க நிறத்தில், கொடியும் பூவுமாக, முதல் படியிலிருந்து மூன்றாம் மாடி வரை வரைந்தேன். அசிங்கமாக இருந்தது. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுதான்யா வருங்காலம்! யாரும் தொட வேண்டியதே இல்லாத கைப்பிடி!" என்று என் இடுப்பைத் தட்டிக் கொடுத்தார். அன்றே அனுமதி கிடைத்தது.

நான் துள்ளிக் குதிக்காத குறையாக அதிகாரியிடம் ஓடினேன். "சார், ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு சொன்னீங்களே. இப்ப இரட்டையில கைப்பிடி இருக்கு. கட்டடத்துல எப்ப போடுறீங்க?"

"போட்டாச்சே" என்றார்.

"எங்க சார்?"

"இரட்டையில." பிறகு முகம் மாறி, திரையில் எதையோ தேடினார். "நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க. உங்க அக்கா விழுந்ததா ஒரு புகார் நிலுவையில இருக்குல்ல? கைப்பிடி இருந்தும் ஏன் பிடிக்கலை? கைப்பிடி இருக்கே, பிடிச்சுக்க வேண்டியதுதானே? அலட்சியம்தானே இது? அமைச்சர் வர்றதுக்குள்ள அவங்க எழுத்துல விளக்கம் குடுக்கணும். இல்லைன்னா ஒப்பந்தத்தை முடிச்சுக்க வேண்டியிருக்கும்."

"கைப்பிடியை நேத்துதான் சார் வரைஞ்சேன்! அவங்க விழுந்து எத்தனை நாளாச்சு!"

"இரட்டையில நேத்து, முந்தாநாள் கிடையாதுங்க. இருக்கறது எப்பவும் இருக்கு."

என் கையால் வரைந்த கைப்பிடியை வைத்து என் அக்காவின் கழுத்தை நெரிக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டுவிட்டு மாவுக்கட்டின் விளிம்பைச் சொறிந்துகொண்டாள். பிறகு, "பூ எல்லாம் போட்டியாமே? நல்லா இருந்துச்சா?" என்றாள். "கேவலமா இருந்துச்சுக்கா" என்றேன். சிரித்தாள். விளக்கம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அமைச்சர் வரும் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ஒருவர்கூட விழாத மாடிப்படி என்று எங்கள் படிக்கட்டுக்குப் பாதுகாப்பு விருது கிடைத்திருந்தது. அதை இரட்டைக்குள்ளேயே கொடுத்துவிடலாம் என்றுதான் இயக்குநர் ஏற்பாடு செய்தார். ஆனால் அமைச்சர் பெட்டியை மாட்ட மறுத்துவிட்டார். முடி கலைந்துவிடுமாம். நேரிலேயே வருகிறேன் என்றார். அதனால் எங்கள் இயக்குநரும் நேரில் வரவேண்டியதாயிற்று.

அன்று காலை நிஜ இயக்குநரைப் பார்த்தோம். பாவம், முடியில்லை. வயிறு முன்னால் வந்திருந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை மூன்றாம் மாடி மண்டபத்துக்கு ஏற்றிவிட்டு, நாற்காலி தூக்கப் போய்விட்டார்கள். எங்களைப் படியில் ஓரமாக வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். மேல்படியில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் மாவுக்கட்டோடு அக்கா.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இயக்குநர் வரவேற்கக் கிளம்பி, படியின் விளிம்புக்கு வந்து நின்றார். கீழே பார்த்தார். ஒரு பக்கம் வழுக்கும் சுவர். ஒரு பக்கம் மூன்று மாடிப் பள்ளம். பழக்க தோஷத்தில் அவருடைய கட்டைவிரல் எதையோ அழுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் மூன்றாம் மாடியிலேயே இருந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"யோவ், கையைக் குடு" என்றார் என்னிடம்.

"கைப்பிடி இருக்கே சார்" என்றேன். "பிடிச்சுக்க வேண்டியதுதானே?"

அவர் உண்மையிலேயே கையை நீட்டினார். நான் வரைந்த இடத்தில், பூவும் கொடியும் இருக்கவேண்டிய இடத்தில், அவருடைய விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தன. உடம்பு ஆடியது. பொத்தென்று மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழ்ப்படிகளில் நின்ற எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி மட்டும் தரையைப் பார்த்தார். கால் ஆடவில்லை.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்திரிக்காதீங்க சார், அப்படியே இருங்க" என்றாள். குரலில் கேலி இல்லை. "கையைப் பின்னால ஊணுங்க. காலைக் கீழ்ப்படியில வையுங்க. இப்ப உடம்பை நகர்த்தி அந்தப் படியில உட்காருங்க. அவ்வளவுதான். அடுத்த படிக்கும் அதே மாதிரிதான். பின்பக்கம் புழுதியாகும், தட்டிக்கலாம். நான் தினமும் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் இப்படித்தான் சார் இறங்குறேன்."

வாசலில் நின்று, பேருந்து போகிறதே என்று நான் சலித்துக்கொண்ட நேரமெல்லாம் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு முறிந்த பிறகு ஒற்றைக் கையால் செய்திருக்கிறாள்.

இயக்குநர் அவள் சொன்னபடியே இறங்கினார். மூன்று மாடியும் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம் கேட்டது. அமைச்சர் அடிப்படியில் விருதைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விருது அங்கேயே, உட்கார்ந்த நிலையிலேயே வழங்கப்பட்டது. இயக்குநர் ஊழியர்களின் மட்டத்துக்கு இறங்கிவந்து அமர்ந்த எளிமையை அமைச்சர் பாராட்டினார் என்று மறுநாள் அறிக்கை வெளியானது.

மறுநாளே கைப்பிடியும் வந்தது. நிஜமான இரும்புக் கைப்பிடி. அக்காவிடம் கேட்ட விளக்கத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு வந்த சந்தோஷம் மத்தியானம் வரைதான் நீடித்தது. மத்தியானம் முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'இந்தக் கைப்பிடி, கால் அனுமதிக்கப்பட்ட தரத்தினரின் உபயோகத்துக்கு மட்டும்.'

சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா பலகைக்கு முன்னால் நின்று நிதானமாகப் படித்தாள். பிறகு நல்ல கையால் கைப்பிடியைப் பற்றி, வலது காலை முதல் படியில் வைத்தாள். பாதுகாப்பு அதிகாரி எங்கிருந்தோ ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அம்மா, பலகையைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன். எனக்குக் கால் இல்லைன்னு எழுதியிருக்கு" என்றாள் அக்கா. "இல்லாத காலால ஒரு உதை விட்டா உனக்கு வலிக்கவா போகுது? தள்ளு."

அவர் தள்ளி நின்றார்.